நகராத அமீபா

போன வாரம் உங்கள் வார்டுக்கு வந்திருந்தேன். ரத்த அழுத்த மாத்திரை எழுதி வாங்க வந்தவனை, பழைய டாக்டர் என்று யாரோ அடையாளம் கண்டு உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள். அங்கே உங்களில் ஒருவர் குடல் அழற்சி உள்ள ஒரு பெண்ணின் கட்டிலருகே நின்று, டிஎன்எஃப், இன்டர்லூக்கின் பன்னிரண்டு, இன்டர்லூக்கின் இருபத்துமூன்று என்று அழற்சி மூட்டும் ரசாயனங்களின் பெயர்களை மாதா கோயிலில் பிரார்த்தனை ஒப்பிப்பதுபோல ஒப்பித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், இதெல்லாம் தெரியாத காலத்தில் நீங்கள் எப்படி வைத்தியம் பார்த்தீர்கள் என்று பணிவாகக் கேட்டார். பணிவுக்குள் கொஞ்சம் பரிதாபமும் இருந்தது. ரொம்பத் தன்னம்பிக்கையோடு பார்த்தோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எல்லாரும் சிரித்தீர்கள். அது சிரிக்க வேண்டிய பதில் இல்லை என்பதால் மீதியை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்துகொண்டிருந்தது. நான் படிப்பு முடித்து இரண்டு வருஷம். அதாவது, எனக்குத் தெரியாதது எதுவும் உலகத்தில் இல்லாத வயது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவரை எல்லாரும் பெரிய டாக்டர் என்போம், என்னைச் சின்ன டாக்டர் என்பார்கள். நல்ல மனுஷன், உழைப்பாளி, நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவர். ஒரே ஒரு குறை, அவருக்குச் சந்தேகம் என்ற ஒன்று வந்ததே கிடையாது. இந்தக் கடற்கரையில் எவன் ரத்தமும் சீதமுமாகப் போனாலும் அது அமீபா. வேறு எதுவாகவும் இருக்க அவர் அனுமதி கொடுத்திருக்கவில்லை.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று ஒரு நோய் எங்கள் பாடப்புத்தகத்திலும் இருந்தது. வெளியிலிருந்து கிருமி எதுவும் வராமல் குடல் தானாகவே புண்ணாகும் நோய். அதைப் பற்றி ஒருதரம் கேட்டேன். அது ரொட்டியும் வெண்ணெயும் தின்கிற வெள்ளைக்காரனுக்கு வருவது என்றார். ரொட்டி தின்றால் வருமென்றால் இந்த ஊர் பேக்கரிகளின் புண்ணியத்தில் பாதித் தூத்துக்குடி படுக்கையில் கிடந்திருக்க வேண்டும். இதை நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மனசுக்குள் பேசுவதில் நான் அப்போதே கெட்டிக்காரன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அமீபாவைக் கண்டுபிடிப்பதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. காலை ஆறு மணிக்கு வார்டில் மலம் எடுத்து டப்பியில் வைப்பார்கள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் முடிக்கும்வரை அது தட்டில் காத்திருக்கும். பதினோரு மணிக்கு லேபுக்குப் போகும். லேபில் ‘அமீபா தென்படவில்லை’ என்று எழுதி அனுப்பினால் அந்தச் சீட்டின் மேலேயே ‘தென்படும்வரை பார்க்கவும்’ என்று பச்சை மையில் எழுதித் திருப்பி அனுப்புவார். இரண்டு முறை, மூன்று முறை. நாலாவது முறை லேபுக்கும் அமீபா தென்பட்டுவிடும். இதே கடலில் முத்துக் குளித்தவர்கள் ஆயிரம் சிப்பியைப் பிளந்து ஒன்றில் முத்து கண்டார்கள். எங்களுக்குத் திறந்த டப்பியிலெல்லாம் முத்து.

லேபில் இருந்தது ஒரு பெண். உடன்குடிப் பக்கம் ஊர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வார்டில் எல்லாரும் லேப் அக்கா என்போம். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். திரும்பி வந்த சீட்டுகளை அவர் எப்படிப் பார்ப்பார் என்று நான் கவனித்ததில்லை. டாக்டர்கள் லேபுக்குப் போவது அந்தக் காலத்தில் வழக்கம் இல்லை, சீட்டுதான் போகும்.

அப்போதுதான் தொம்மை வந்து சேர்ந்தார். கொழும்புக்கு வெங்காயமும் மிளகாயும் ஏற்றிப்போகும் தோணியில் தண்டல், அதாவது அந்தப் பாய்மரக் கப்பலுக்குத் தலைவன். நாற்பது வயது, நல்ல தேகம் இருந்திருக்க வேண்டும், நான் பார்த்தபோது எலும்புதான் மிச்சம். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை ரத்தமாகப் போனது. தோணியில் கழிப்பிடம் என்பது பின்பக்கம் கடலுக்கு மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவது. முதலில் தோணிக்காரர்கள் கேலி செய்தார்கள், பிறகு கேலியை நிறுத்திவிட்டார்கள், கடைசிப் பயணத்தில் இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

அவருக்கு ஏற்கெனவே இரண்டு வருஷத்தில் இரண்டு கோர்ஸ் எமெட்டின் ஊசி போட்டாயிற்று. எமெட்டின் உங்களில் பலர் பார்த்திராத மருந்து. அமீபாவைக் கொல்லும், கொஞ்சம் தாராளமாகக் கொடுத்தால் இதயத்தையும் சேர்த்துக் கொல்லும். அமீபாவுக்கே புதிதாக மெட்ரோனிடசோல் மாத்திரை வந்திருந்தது, தொம்மை அதையும் மூன்று தடவை விழுங்கியிருந்தார், பலனில்லை. பெரிய டாக்டர் மூன்றாவது கோர்ஸ் எமெட்டின் எழுதினார். ஆரம்பித்து வைத்தது நான்.

இந்த இடத்தில் என் சாதனையையும் சொல்லிவிடுகிறேன். லேபிலிருந்து மூன்று முறை ‘இல்லை’ என்று சீட்டு வந்ததும் எனக்குக் கோபம் வந்து, நானே லேபுக்குப் போய் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தேன். இரண்டே நிமிஷம். பெரிய உருண்டைச் செல் ஒன்று, உள்ளே விழுங்கிய சிவப்பணுக்களோடு, படத்தில் போட்ட மாதிரி. ரத்தம் குடித்த அமீபா என்று அறிவித்தேன். நர்சிங் மாணவிகளைக் கூப்பிட்டு வரிசையாகக் காட்டினேன். கலர் பென்சிலில் வரைந்துவேறு வைத்தேன். லேப் அக்கா பக்கத்தில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அடுத்த பென்சிலைக் கேட்டேன்.

ஊசி ஆரம்பித்த ஏழாம் நாள் காலை, தொம்மையின் நாடி தடுமாறியது. நாலு துடிப்புக்கு ஒன்று காணாமல் போனது. ரத்த அழுத்தம் இறங்கியது, காய்ச்சல் ஏறியது, வயிறு உப்பிக்கொண்டு வந்தது. ரத்தப்போக்கு மட்டும் குறையவேயில்லை. பெரிய டாக்டர் ஊரில் இல்லை. மெட்ராசில் மருத்துவர்கள் கூடியிருந்த இடத்தில் அமீபாவைப் பற்றி உரையாற்றப் போயிருந்தார். இதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை.

டிரங்க் கால் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஆள் கிடைத்தார். நான் நாடியைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வேய், அமீபாவ நீரே கண்ணால பாத்தீரு, படமும் வரைஞ்சீரு. அப்புறம் என்ன சந்தேகம்? ஒரு நாள் விட்டுட்டுக் கோர்ஸ முடிச்சு விடும்” என்றார். குடலை வெட்டியெடுக்க முடியுமா என்று சர்ஜனைக் கூப்பிட்டேன். வயிற்றைத் தொட்டார், நாடியைத் தொட்டார், இந்த இதயத்தோடு மயக்க மருந்து கொடுத்தால் மேசையிலேயே முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

ஆக, என் முன்னால் இருந்தது இதுதான். இது அமீபா என்றால் எமெட்டினைத் தொடர வேண்டும், இதயம் தாங்காது. அமீபா இல்லை, வெள்ளைக்காரன் நோய் என்றால் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும், பிழைக்க வாய்ப்பு உண்டு. அமீபா இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தாலோ, குடல் சல்லடையாகி இரண்டு நாளில் ஆள் காலி. எதுவும் செய்யாமல் பெரிய டாக்டர் வரும்வரை மூன்று நாள் காத்திருப்பது இன்னொரு வழி. வயிறு போன போக்கில் அவருக்கு அந்த மூன்று நாள் கிடையாது. ஆனால் என்மேல் பழி வராத வழி அது ஒன்றுதான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது.

தொம்மையின் மனைவி சலேத்தம்மாள் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். “அய்யா, இந்த ஊசி அவுகளக் காப்பாத்துதா, கொல்லுதா? ஒண்ணச் சொல்லுங்க” என்றார். நான் நீளமாக விளக்கினேன். ஒருபுறம் பார்த்தால், மறுபுறம் பார்த்தால், மேலிடத்தில் கலந்தாலோசித்து, என்று. அவர் முழுவதையும் கேட்டார். நான் முடித்ததும் அதே கேள்வியை அதே குரலில் மறுபடியும் கேட்டார்.

அங்கிருந்து தப்பித்து லேபுக்குப் போனேன். என் படத்தை இன்னொருதரம் பார்த்துத் தைரியம் வாங்கிக்கொள்ளத்தான் போனேன். லேப் அக்கா இந்த முறை என்னைப் பேசவிடவில்லை.

“அது நகரல சார்” என்றார். “காலைல எடுத்தத பதினோரு மணிக்குப் பாத்தா நெசமான அமீபாவும் செத்துதான் கெடக்கும். செத்ததையெல்லாம் அமீபான்னு எழுதச் சொல்லுதாரு. நான் ஒம்பது வருசமா எழுதிக்கிட்டு இருக்கேன்.”

பிறகு கேட்டார், எடுத்த சூடு ஆறுவதற்குள் பார்த்திருக்கிறீர்களா என்று. நான் பார்த்ததில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் யாருமே பார்த்ததில்லை. அவர் மைக்ராஸ்கோப்பைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தார். பின்னால் உப்புநீர்க் குப்பியையும் சுடுதண்ணீர்ப் பையையும் சுமந்துகொண்டு நான். மத்தியானம் மூன்று மணி, மேற்கு ஜன்னலில் நல்ல வெளிச்சம். ஜன்னலோரக் கட்டிலில் முந்தின நாள் சேர்ந்த துறைமுகத் தொழிலாளி ஒருவர் கிடந்தார், அவருக்கும் சீதபேதிதான். அக்கா முதலில் அவருடையதை எடுத்து, கண்ணாடித்தகட்டைச் சுடுதண்ணீர்ப் பையில் வைத்துச் சூடாக்கி, என்னைப் பார்க்கச் சொன்னார்.

அமீபா நடந்துகொண்டிருந்தது. சாப்பாடு முடித்து வேலைக்குத் திரும்புகிறவனைப் போல ஒரே திசையில், காலை நீட்டி நீட்டி, அவசரமில்லாமல். என் வாழ்க்கையில் உயிரோடு நான் பார்த்த முதல் அமீபா அது. அதற்குள் நான் அமீபாவுக்கு வைத்தியம் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அடுத்து தொம்மையுடையது. எடுத்த இரண்டாவது நிமிஷம் தகட்டில் வைத்தார். அதே உருண்டைச் செல்கள், அதே சிவப்பணுக்கள் உள்ளே. ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு. அரை மணி நேரம் பார்த்தேன். ஓரம் கொஞ்சம் நெளிந்ததே தவிர ஒன்றும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அது உற்றுப் பார்த்ததால் என்று அன்று சொல்லிக்கொண்டேன். அக்கா சொன்னார்: “இது வெளிய இருந்து வந்தது இல்ல சார். அவரு உடம்போடதுதான்.”

அது மேக்ரோஃபேஜ். உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், உடம்பின் காவல்காரச் செல். கசிந்த ரத்தத்தை அதுதான் விழுங்கி வைத்திருந்தது. நான் திருடன் என்று படம் வரைந்து எல்லாருக்கும் காட்டியது காவல்காரனை. அந்தக் காவல்காரன்தான் டிஎன்எஃப் என்று இன்று நீங்கள் பெயர் சொல்லும் சமிக்ஞையை வெளியே விடுகிறவன். அது போய் ரத்தக்குழாயைத் திறக்கும், இன்னும் நூறு செல்லைக் கூட்டி வரும், அவை வந்து ஆளுக்கொரு சமிக்ஞை விடும், திருடனே இல்லாத வீட்டில் ஊரே திரண்டு கதவை உடைக்கும். உடைவது குடலின் உள்தோல். அந்தப் பெயர்கள் அன்று எனக்குத் தெரியாது. செல்கள் தங்களுக்குள் ரசாயனத்தால் பேசிக்கொள்கின்றன, அதற்கு லிம்ஃபோகைன் என்று பெயர் என்பதை, கப்பலில் மூன்று மாதம் கழித்து வரும் வெளிநாட்டு இதழ் ஒன்றில் படித்திருந்தேன். பெரிய டாக்டரிடம் சொன்னபோது, செல்லு பேசுதாம்வே என்று மூன்று நாள் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அந்த அரைகுறைப் படிப்பு அன்று உதவியது. காவல்காரர்களே கலகம் செய்கிறார்கள் என்றால், அவர்கள் வாயை மூட வேண்டும். கையில் இருந்தது ஸ்டீராய்டு ஒன்றுதான். நீங்கள் இன்று ஒரு வாயை மட்டும் பொத்துகிறீர்கள், நாங்கள் மொத்த ஊரின் வாயையும் பொத்தினோம். ரொம்பப் பெருமைப்படாதீர்கள். டிஎன்எஃப்பை அடக்கும் அந்த ஊசியைப் போடுமுன் உள்ளே காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். நிஜத் திருடன் இருக்கும் வீட்டில் காவல்காரன் வாயைப் பொத்தினால் என்ன ஆகுமோ, அந்தப் பயம்தான் அன்று எனக்கும்.

கடைசியாக, ஆசனவாய் வழியாகக் குழாயை வைத்துக் குடலின் உள்ளே பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. நோய் என்னவென்று அன்றே தெரிந்துவிட்டதால் பார்க்கவில்லை. அமீபா என்றால் அங்கங்கே புண், நடுவில் நல்ல தோல். இங்கே விட்டுப்போன இடமே இல்லை, எல்லாம் சிவப்பு, தொட்ட இடமெல்லாம் ரத்தம்.

வராந்தாவுக்குப் போய் சலேத்தம்மாளிடம், அந்த ஊசி வேண்டாம் என்று நினைக்கிறேன், வேறு மருந்து கொடுக்கலாம் என்றிருக்கிறேன், ஆனால் எனக்கு முழு நிச்சயம் இல்லை, நான் நினைப்பது தப்பாக இருந்தால் உங்கள் புருஷன் இறந்துவிடுவார் என்றேன். படிப்பு முடித்து இரண்டு வருஷத்தில் நான் ஒரு நோயாளி வீட்டாரிடம் பேசிய முதல் நேரான வாக்கியம் அதுதான்.

“நிச்சயமாத் தெரியும்னவுகதான் ரெண்டு வருசமா ஊசி போட்டாக. தெரியலங்கிற நீங்க போடுங்கய்யா” என்றார் அவர்.

போட்டேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை, அன்று நான் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் வயிறு தளர்ந்தது, பதினைந்து தடவை ஆறானது, நாடி தடுமாறுவதும் குறைந்தது. நாலாம் நாள் தொம்மை, ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் தள்ளிவைத்துவிட்டுச் சீலாமீன் குழம்பு கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. லேப் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தகட்டைத் துடைத்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களிடம் ஒரு கூட்டத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருப்பேன்.

பெரிய டாக்டர் வந்தார். மெட்ராசில் நன்றாகக் கைதட்டியிருக்கிறார்கள், முகத்தில் தெரிந்தது. தொம்மையின் கட்டிலருகே நின்று வயிற்றை அமுக்கிப் பார்த்தார், மாணவிகள் பக்கம் திரும்பினார், பாருங்கள், எமெட்டினை விடாமல் மூன்றாவது கோர்ஸ் கொடுத்ததால்தான் அமீபா அடங்கியது, பொறுமை வேண்டும் என்றார். கேஸ் ஷீட்டில் ஸ்டீராய்டு எழுதிய பக்கம் என் கையெழுத்தில் இருந்தது. பத்திரிகையில் விளம்பரப் பக்கத்தைத் தள்ளுவதுபோல அதைத் தள்ளினார். என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. நான் வாயைத் திறந்தால் ஒரு விஷயம், திறக்காவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்ற பார்வை. எனக்கு மேற்படிப்புக்கு அவருடைய சிபாரிசுக் கடிதம் வேண்டியிருந்தது. நான் திறக்கவில்லை.

அவர் சொல்லச் சொல்ல டிஸ்சார்ஜ் சுருக்கத்தை நான்தான் எழுதினேன். நோய், அமீபா பெருங்குடல் அழற்சி. சிகிச்சை, எமெட்டின், மூன்றாவது கோர்ஸ். பலன், குணம். கீழே கையெழுத்துப் போட்டேன். தொம்மைக்கு வேண்டிய மாத்திரைகளைத் தனிச் சீட்டில் எழுதிக் கொடுத்து, எப்படிக் குறைக்க வேண்டும் என்று சலேத்தம்மாளிடம் இரண்டு தடவை சொன்னேன். தொம்மை மறுபடியும் தோணி ஏறினார், ரொம்ப வருஷம் ஓட்டினார்.

அன்று சாயங்காலம் லேப் அக்கா என்னைத் தேடி வார்டுக்கே வந்தார். சுருக்கத்தைத் திருத்தி எழுதுங்கள் என்றார். நான் சிரித்தேன். “ஆளு பொழைச்சிட்டாருல்லா? பேப்பர்ல என்ன இருந்தா என்னக்கா?” என்றேன். அவர் லேபுக்குத் திரும்பிவிட்டார். பெருந்தன்மையாக நடந்துகொண்டேன் என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஆறு மாதம் கழித்து, தங்கை கல்யாணத்துக்காகப் பத்து நாள் விடுப்பில் போனேன். நான் போன மறுநாள் பேச்சியம்மாள் என்ற பெண் வந்து சேர்ந்திருக்கிறாள். உப்பளத்தில் வேலை, இருபத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். வெளியூரில் இரண்டு கோர்ஸ் எமெட்டின் போட்டு, ரத்தம் நிற்காமல் எங்களிடம் வந்தவள். நான் திரும்பி வந்தபோது கட்டிலில் வேறு ஆள். இதயம் நின்றது எட்டாம் நாள் என்று நர்ஸ் சொன்னார். கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கினேன். மூன்றாவது கோர்ஸ் ஏன் என்பதற்குப் பெரிய டாக்டர் பச்சை மையில் எழுதியிருந்தார்: இதே வார்டில் இதே போன்ற நோயாளி மூன்றாவது கோர்ஸில் குணமடைந்தார், சுருக்கம் இணைப்பு. பின்னால் குத்தியிருந்தது தொம்மையின் சுருக்கம்.

லேபுக்குப் போனேன். அக்கா நாலு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். நாலிலும் ‘நகரவில்லை, அமீபா இல்லை’ என்று எழுதியிருந்தது. அத்தோடு அவர் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் ரவுண்ட்ஸ் நடுவே போய், தொம்மைக்குக் கேட்டது எமெட்டின் இல்லை, சின்ன டாக்டர் போட்ட ஸ்டீராய்டுதான், இந்தப் பிள்ளைக்கும் அதைப் போடுங்கள் என்று பெரிய டாக்டரிடம் நேராகவே சொல்லியிருக்கிறார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. பெரிய டாக்டர் கோபப்படவில்லையாம். சுருக்கத்தை எடுத்து அக்கா கையில் கொடுத்து, சின்ன டாக்டர் என்ன எழுதியிருக்கார்னு சத்தமா வாசியும்மா என்றாராம்.

பேச்சியம்மாள் முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவள் கட்டிலருகே நின்று, மாணவிகள் முன்னால், அக்கா நான் எழுதியதை முழுவதும் வாசித்திருக்கிறார், என் கையெழுத்து வரைக்கும்.